ஓவர்கிளாக் செய்தபின் கணினி மக்கர் செய்தால்: கோளாறு கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

ஒரு பாகத்தை அதன் தொழிற்சாலை வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அதற்காகப் பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் போர்டின் அடிப்படை நிரலில்) இரண்டு எண்களை மாற்றிச் சேமித்தீர்கள். கணினி மறுபடி எழுந்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. பெரும்பாலும் இந்த நிலையில் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. தாங்க முடியாத அமைப்பைச் சுமந்துகொண்டு போர்டு தடுமாறுகிறது, அவ்வளவுதான். இதைவிடத் தொல்லை தருவது இன்னொரு வகை: விண்டோஸ் ஒழுங்காக வரும், வேலையும் நடக்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை ப்ளூ ஸ்கிரீன் விழும், கேம் பாதியில் மூடிக்கொள்ளும், ஜிப் கோப்பு விரியாது. அப்போது கோளாறு தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறு. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று கழற்றி எடுத்துப் போகிறவர்கள் பலருக்கு உண்மைக் காரணம் ராம் வேகமாக இருக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். "நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை, எக்ஸ்எம்பி மட்டும்தான் போட்டேன்" என்று சொல்வார்கள். எக்ஸ்எம்பியும் எக்ஸ்போவும் ராம் ஸ்டிக்கில் பதிந்திருக்கும் கூடுதல் வேக அமைப்பை ஒரே தேர்வில் இயக்குபவை. ஆகவே அவையும் ஓவர்கிளாக்தான். ராம் ஸ்டிக்கின் பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருப்பது அந்த ஸ்டிக்குக்கான உறுதி. உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அந்த வேகத்தைத் தாங்கும் என்று அந்தப் பெட்டி எதுவும் சொல்லவில்லை.

கைவைக்கும் முன்

விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் மூன்று காரியங்களை இப்போதே முடித்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிமாஸை (பயாஸ் அமைப்புகள் தங்கும் நினைவகத்தை) அழித்தாலோ பயாஸ் மாற்றினாலோ விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். பிறகு பயாஸின் சேமிப்பகப் பகுதியில் விஎம்டி, ரெய்டு போன்றவை (டிரைவுகளைப் போர்டு கையாளும் முறைகள்) எந்த நிலையில் இருக்கின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சிமாஸ் அழித்ததும் இவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் விண்டோஸ் தன் டிரைவைக் காணாமல் "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று விழக்கூடும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று பதற வேண்டாம். அந்த ஒரு அமைப்பைப் பழைய நிலைக்கு மாற்றினால் போதும்.

டிஸ்ப்ளேயே வரவில்லை என்றால்

1. காத்திருங்கள். டிடிஆர்5 போர்டுகளில், அதிலும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில், ராம் அமைப்பை மாற்றிய பின் முதல் பூட்டில் மெமரி டிரெயினிங் (ராமுக்கு ஒத்துப்போகும் அமைப்பைப் போர்டு தானே தேடுவது) நடக்கும். திரை கறுப்பாகவே பல நிமிடங்கள் இருக்கும். 32 ஜிபி, 64 ஜிபி இருந்தால் இன்னும் நீளும். 10 முதல் 15 நிமிடம் வரை தொடாமல் விடுங்கள். நடுவில் பவரை அணைத்தால் டிரெயினிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "செத்துப்போச்சு" என்று கழற்றப்பட்ட பல போர்டுகள் இந்தப் பொறுமைக் குறைவில் கழற்றப்பட்டவைதான்.

2. போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு சிறு விளக்குகளைப் பாருங்கள். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று அவற்றின் அருகில் அச்சிட்டிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் தடைபட்டிருக்கிறது. டிரேம் விளக்கு என்றால் ராம் வேகம், டைமிங் (ராம் பதில் தர எடுக்கும் தாமதம்), வோல்டேஜ், ஸ்டிக் உட்கார்ந்திருக்கும் விதம் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். சிபியு விளக்கு என்றால் பெருக்கி (பேஸ் கிளாக் எனும் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பைப் பெருக்கி வேகம் தரும் எண்), கோர் வோல்டேஜ் (கோர் என்பது பிராசஸருக்குள் கணக்கிடும் அலகு), 8 பின் சிபியு பவர் கேபிள். விஜிஏ விளக்கு எரிந்தால் மானிட்டர் கேபிள் போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்பதையும் கூடவே பாருங்கள். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் ஓவர்கிளாக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. டிரைவைத் தேடுகிறது என்று பொருள்.

3. சிமாஸ் அழியுங்கள். பல போர்டுகள் சில முறை தோற்றதும் தாமாகவே பாதுகாப்பான அமைப்புக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) பின்பக்க ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளை உருவி, கேபினெட்டின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து மீதி மின்சாரத்தை வடியுங்கள். பின்பக்கம் சிமாஸ் பட்டன் இருந்தால் அதை 5 முதல் 10 விநாடி அழுத்துங்கள். இல்லாவிட்டால் போர்டில் சிஎல்ஆர்டிசி, ஜேபேட்1 போன்ற பெயரில் இரண்டு பின் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டையும் அதே நேரம் தொட்டுப் பிடியுங்கள். அதுவும் கைக்கு எட்டாவிட்டால் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி 10 நிமிடம் விட்டுப் போடுங்கள். பழைய பேட்டரியாக இருந்தால் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட் காட்டும். பவர் கேபிளை உருவாமல் சிமாஸ் அழிக்க முயல்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்டேண்ட்பை மின்சாரம் இருக்கும்வரை அமைப்பு அழியாமலே தங்கிவிடலாம்.

4. இன்னும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ராம் ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் அது வழக்கமாகப் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது. வந்தால் அடுத்த ஸ்டிக்கை அதே ஸ்லாட்டில் சோதியுங்கள், பிறகு அடுத்த ஸ்லாட்டை. ராமின் தங்கக் கால்களை ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம்மூர்க் கடைகளில் உண்டு. அதன் தூள் ஸ்லாட்டுக்குள் தங்கிவிடும், முலாமும் தேயும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணி போதும்.

5. அதற்கும் அசையாவிட்டால் பயாஸ் ஃபிளாஷ்பேக். போர்டில் அதற்கான பட்டன் இருந்தால், ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் பயாஸ் கோப்பைப் போர்டின் கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறியிட்ட யூஎஸ்பி ஓட்டையில் செருகி பட்டனை அழுத்துங்கள். 24 பின்னும் 8 பின்னும் மின்சாரம் இருந்தால் போதும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை தொடாதீர்கள்.

எழுகிறது, ஆனால் விழுகிறது

இங்கேதான் ஒழுங்கு தேவை. பயாஸில் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள்: எக்ஸ்எம்பி, பிபிஓ (ஏஎம்டியின் தானியங்கி வேகக்கூட்டல்), கர்வ் ஆப்டிமைசர் (கோர் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கும் அமைப்பு), பெருக்கி, எல்லாம். கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரின் அமைப்பையும் நீக்குங்கள். பயாஸை மட்டும் மீட்டமைத்துவிட்டு, விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஏறும் கார்டு ஓவர்கிளாக்கை மறந்துவிடுபவர்கள் அதிகம். இந்த நிலையில் இரண்டு நாள் ஓட்டுங்கள். விழாவிட்டால் குற்றவாளி நீங்கள் மாற்றிய அமைப்புகளில் ஒன்று. அப்போதும் விழுந்தால் கீழே "தொழிற்சாலை நிலையிலும் விழுகிறது" பகுதிக்குப் போங்கள்.

இதற்கிடையில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் படியுங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவைக் கண்டு எஸ்எம்பிஎஸ் மாற்ற ஓட வேண்டாம். கணினி முறைப்படி அணையாமல் விழுந்தது என்ற செய்தி மட்டும்தான் அது, காரணத்தை அது சொல்லாது. அதன் விவரங்களில் பக்செக்கோட் என்ற எண்ணைப் பாருங்கள். 292 என்றால் திருத்த முடியாத வன்பொருள் பிழை. 257 என்றால் ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. கோர் வோல்டேஜ் போதவில்லை என்று முதலில் நினைக்கலாம். 26 என்றால் மெமரி மேலாண்மை, ஆகவே முதலில் ராமைச் சந்தேகியுங்கள். 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் மீள முடியாமல் போனது. வெறும் 0 என்றால் விண்டோஸுக்கு எழுதி வைக்கக்கூட நேரமில்லை: மின்சாரம் அறுந்திருக்கலாம், வெப்பக் காப்பு வெட்டியிருக்கலாம், அல்லது முழுவதும் உறைந்து ரீசெட் பட்டன் அழுத்தப்பட்டிருக்கலாம்.

அங்கேயே வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் ஹியா லாகர் பதிவுகள் இன்னும் பயனுள்ளவை. 18 என்பது உயிர்போகும் பிழை, 19 என்பது திருத்தப்பட்ட பிழை. திருத்திவிட்டதே என்று 19ஐ விட்டுவிடாதீர்கள். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கை (பிராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையை) 1900 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிய பலருக்கு இந்த 19 மழையாகக் கொட்டும். 1800க்கு இறக்கி, ராமை 3600இல் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ராம்: முதலில் சந்தேகிக்க வேண்டியது

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்கு வெளியே ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று விட்டால், அந்த ஒன்று என்றாவது ஒரு நாள் உங்கள் கோப்பில் எழுதப்படும்.

பிழை வந்தால் தொழிற்சாலை வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். அங்கேயும் பிழை என்றால் ஸ்டிக் அல்லது ஸ்லாட் கோளாறு. இல்லை என்றால் ஸ்டிக் நல்லது, வேகம்தான் கூடுதல். அப்போது 6000ஐ 5800 அல்லது 5600க்கு இறக்குவதுதான் நேர்மையான தீர்வு. வோல்டேஜை ஏற்றி அடம்பிடிப்பதை அடுத்த வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4க்கு அடிப்படை 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியில் வழக்கம் 1.35. டிடிஆர்5க்கு அடிப்படை 1.1, எக்ஸ்எம்பியில் 1.25 முதல் 1.4 வரை.

நான்கு ஸ்டிக் போட்டவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ரைசன் 7000 பிராசஸருக்கு இரண்டு ஸ்டிக்கில் ஏஎம்டி உறுதி தருவது 5200. நான்கு போட்டால் அது 3600தான். நான்கு ஸ்டிக்கில் 6000 எக்ஸ்போ எழவில்லை என்றால் பழுது ஒன்றும் இல்லை, அதுதான் அதன் இயல்பு.

ஏஎம்5இல் சாக் வோல்டேஜைப் (பிராசஸரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான வோல்டேஜை) பாருங்கள். 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு, அந்த வோல்டேஜ் 1.3ஐத் தாண்டாதபடி பயாஸ்களில் வரம்பு வந்தது. அதற்கு முந்தைய பயாஸ் உங்களிடம் இருந்தால் எக்ஸ்போவைத் தொடும் முன் புதியது போடுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

இரவெல்லாம் மெம்டெஸ்ட் ஓடிய ராம், கேமில் ஒரு மணி நேரத்தில் விழுவதும் உண்டு. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறது. கேமில் அதன் சூடான காற்று நேராக ராம் மேல் போகிறது. இறுக்கமான டைமிங் வைத்த ஸ்டிக்குகள் 50, 55 டிகிரியைத் தாண்டியதும் பிழை காட்டத் தொடங்கலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஸ்டிக்கின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே கேம் ஓட்டுங்கள். கேபினெட் பக்கக் கதவைத் திறந்ததும் கோளாறு நின்றால் விடை கிடைத்துவிட்டது.

பிராசஸர்

வோல்டேஜ் எவ்வளவு பாடாய்ப் படுத்தும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பிராசஸர் சுவிட்ச் செய்யச் செலவாகும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குப் போனால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும். மின்திறனோ சுமார் 38 சதவீதம் கூடும். அத்தனையும் வெப்பமாக வெளியேற வேண்டும்.

பிராசஸருக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். ரைசன் 7000 பலவற்றுக்கு வரம்பு 95 டிகிரி, 7800எக்ஸ்3டிக்கு 89, இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கு 100. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் வரம்பைத் தொடுவது வேறு, விழுவது வேறு. தொழிற்சாலை நிலையிலேயே சில விநாடிகளில் வரம்புக்குப் பாய்ந்தால் கூலர் சரியாக உட்காரவில்லை, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது நீர்க் கூலரின் பம்ப் சுற்றவில்லை. டிசம்பரில் சோதித்த ஓவர்கிளாக் சென்னையில் மே மாதம் விழுவதற்குக் காரணமும் இதுதான்: அறை 25 டிகிரியிலிருந்து 35 ஆனால் உள்ளேயும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும்.

வெப்பம் சரி, ஆனாலும் விழுகிறது என்றால் பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். அதன் சிறிய எஃப்எஃப்டி (அது செய்யும் கணக்கு வகை) சோதனை கோர்களையும் வோல்டேஜையும் பிழியும். பெரியது மெமரி கன்ட்ரோலரையும் ராமையும் பிழியும். சிறியதில் தேறி பெரியதில் தோற்றால் ராம் பகுதிக்குத் திரும்புங்கள். எந்த வொர்க்கர் (சோதனையின் ஒரு தனிப் பிரிவு) நின்றதோ அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பலவீனமான கோர் அதுவாக இருக்கும். பெருக்கியை ஒன்று குறையுங்கள், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். அல்லது வோல்டேஜை 0.01 முதல் 0.02 மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

சுமை ஏறும்போது வோல்டேஜ் சற்று இறங்குவது இயல்பு. அதை ஈடுகட்டத்தான் லோட் லைன் காலிப்ரேஷன். அதை உச்ச நிலையில் வைத்தால் சுமை இறங்கும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் போட்ட எண்ணையும் தாண்டித் துள்ளும். மென்பொருளில் அந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. நடு நிலை போதும்.

ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் போட்டவர்களுக்கு எதிர்மாறான அடையாளம்: சோதனையெல்லாம் தேறும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் துள்ளும்போதுதான் வோல்டேஜ் போதாமல் போகிறது. ஹியா 18 பதிவில் "கேஷ் ஹயரார்க்கி எரர்" என்றும் ஒரு ஏபிஐசி எண்ணும் (ஒரு கோருக்கு இரண்டு வீதம் உள்ள அடையாள எண்) இருக்கும். எட்டு கோர் பிராசஸரில் அந்த எண்ணை இரண்டால் வகுத்து முழு எண்ணை எடுத்தால் கோர் எண்: 4, 5 இரண்டும் இரண்டாம் எண் கோர் (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்). அந்தக் கோரை மட்டும் மைனஸ் 30இலிருந்து மைனஸ் 20க்குக் கொண்டுவாருங்கள். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்.

பேஸ் கிளாக்கை 100இலிருந்து நகர்த்தியிருந்தால் வேறு எதையும் தேடும் முன் அதை 100க்கே திருப்பிவிடுங்கள். பல போர்டுகளில் அது கார்டும் எஸ்எஸ்டியும் இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையும் சேர்த்து இழுப்பதால் எஸ்எஸ்டியில் எழுதுவதே கெடலாம்.

மின்சாரம்

சுமையில் பட்டென்று அணைந்தால் இங்கே வாருங்கள். 12 வோல்ட் வழியை மல்டிமீட்டரில் அளந்தால் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் 12 வோல்ட் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கார்டுக்குப் போகும் ஒவ்வொரு 8 பின்னும் 150 வாட்டுக்கானது, ஸ்லாட் 75 வாட் தரும். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரு தலையைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள்.

நம் வீடுகளில் யாரும் சந்தேகிக்காத பொருள் யூபிஎஸ். 600 விஏ என்று எழுதிய சாதாரண யூபிஎஸ் பலவும் 360 வாட்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த பிராசஸர் 200, கார்டு 250 என்று இழுத்தால் மானிட்டர் இல்லாமலே வரம்பு தாண்டிவிட்டது. ஒரு பீப் சத்தத்தோடு எல்லாம் அணையும். கணினியை நேராகச் சுவர் பிளக்கில், எர்த் உள்ள மூன்று பின்னில் செருகிச் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு

திரையில் புள்ளிகள், சதுரங்கள், மின்னும் கோடுகள் என்றால் பெரும்பாலும் கார்டின் மெமரி வேகம். திரை ஒரு கணம் கறுத்து மீண்டு, ஈவென்ட் வியூவரில் 4101 பதிவானால் கோர் வேகம் கூடுதல் அல்லது வோல்டேஜ் குறைவு. கோரை 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில் இறக்குங்கள், மெமரியை 50 முதல் 100 வரை. மெமரியில் ஒரு சூட்சுமம் உண்டு: புதிய கார்டுகள் மெமரிப் பரிமாற்றப் பிழையைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும். அதனால் திரை சுத்தமாகவே இருக்கும், ஆனால் வேகத்தை ஏற்ற ஏற்ற ஃபிரேம் எண்ணிக்கை குறையும். குறையத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

டெஸ்க்டாப் வந்ததும் விழுகிறது என்றால், தானாக ஏறும் அமைப்பு சிக்கியிருக்கிறது. விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனால் மூன்று முறை அணைத்தால் மீட்புத் திரை வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய் ஆஃப்டர்பர்னரை நீக்குங்கள்.

கோப்புகள் கெட்டிருந்தால்

ராம் பிழையோடு பல நாள் ஓடிய கணினியில் வன்பொருளைச் சரிசெய்தபின்னும் விழுதல் தொடரலாம், ஏனெனில் விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கும். தொழிற்சாலை வேகத்தில் வைத்துக்கொண்டு டிரைவைச் சரிபார்க்கும் செக்டிஸ்க், பிறகு விண்டோஸ் கோப்புகளைப் பழுதுபார்க்கும் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி என்று இந்த வரிசையில் ஓட்டுங்கள். ராம் கோளாறு தீராமல் இவற்றை ஓட்டினால், பழுதுபார்க்கும் கருவியே புதிய பிழையை எழுதிவைக்கும்.

தொழிற்சாலை நிலையிலும் விழுகிறது

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் என்றால் ஓவர்கிளாக்கைக் குறை சொல்லும் முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள். இவற்றில் பலவற்றில் அதிக வோல்டேஜ் காரணமாக நிலையின்மை வருவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 129 எண் மைக்ரோகோடும் (பயாஸ் வழியே பிராசஸருக்குப் போகும் திருத்த நிரல்) செப்டம்பரில் 12பி எண் மைக்ரோகோடும் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்ட்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. கார்டில் இடம் இருந்தும் "வீடியோ மெமரி போதவில்லை" என்று கேம் மூடிக்கொள்வது இதன் அடையாளம். மைக்ரோகோட் புதிய தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்த சில்லை மீட்காது. அப்படியானால் வாரன்ட்டியில் மாற்றுவதே வழி.

மற்றவர்களுக்கு: ஆறு மாதம் 1.30 வோல்ட்டில் ஓடிய அதே வேகம் இப்போது 1.33 கேட்கிறது என்றால் பிராசஸர் தேயத் தொடங்கிவிட்டது. போர்டைக் கழற்றி வோல்டேஜ் பகுதியில் கருகல் வாசம், நிறம் மாறிய இடம் இருக்கிறதா பாருங்கள். பிராசஸரைத் தூக்கிச் சாக்கெட் பின் வளைந்திருக்கிறதா, அடிப்பக்கம் பழுப்பேறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக, நன்றாக ஓடும் இன்னொரு கணினியில் மாற்றிச் சோதியுங்கள். ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ், கடைசியில் பிராசஸரும் போர்டும். கருகிய அடையாளம் உள்ள பிராசஸரை மட்டும் நல்ல போர்டில் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தப் போர்டையும் அது கொண்டுபோகலாம்.

மறுபடி ஏற்றும்போது

முதலில் எக்ஸ்எம்பி மட்டும், மெம்டெஸ்ட் தேறிய பிறகு பிராசஸர், அது ஒரு வாரம் நின்ற பிறகு கார்டு. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். தேறிய ஒவ்வொரு நிலையையும் பயாஸில் சேமித்து, எண்களை ஒரு தாளிலும் எழுதி கேபினெட் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். பயாஸ் புதுப்பித்தால் சேமித்த அமைப்புகள் பல போர்டுகளில் அழிந்துவிடும். அன்று அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.